பாரிஸின் தீர்ப்பும் முப்பதாண்டுத் தேறலும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டு உணவு மேசையில் ஆறு புட்டிகள் மளிகைக்கடையின் பழுப்புக் காகிதப் பைகளுக்குள் முகம் மறைத்து நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு பையின் மீதும் ஓர் எண். வேறு அடையாளம் எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு நூலைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடும் நாங்கள் எட்டுப் பேர், இம்முறை நூலுக்குப் பதிலாக ஒரு திராட்சையை எடுத்துக்கொண்டிருந்தோம். காபர்நே சாவிஞான். மூன்று புட்டிகள் பிரான்ஸின் போர்தோ பகுதியிலிருந்து வந்தவை. மூன்று நாங்கள் வாழும் கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவை. எல்லாமே இருபது ஆண்டுகளைக் கடந்தவை. எந்தப் பையில் எது என்பது பைகளில் இட்டு எண் எழுதிய என் மனைவிக்கு மட்டுமே தெரியும். அவர் மது அருந்துவதில்லை. ஆகவே அவரது நடுநிலைமையில் எவருக்கும் ஐயமில்லை.

விருந்தில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்மாதிரியாக அமைந்த வேறொரு நாளைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

*

1976ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பிற்பகல். பாரிஸ் நகரின் இன்டர்கான்டினென்டல் விடுதியில் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் அமர்ந்திருந்தார்கள். அழைத்தவர் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர். பாரிஸின் மதலேன் பகுதியில் ஒரு ஒயின் கடையையும், 1973 முதல் ஒரு ஒயின் பள்ளியையும் நடத்திவந்த இளைஞர். பள்ளியில் அவருடன் பணியாற்றிய பட்ரீஷியா காலகர் என்ற அமெரிக்கப் பெண்மணி, அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டையொட்டிக் கலிஃபோர்னிய ஒயின்களைப் பாரிஸில் அறிமுகப்படுத்தலாமே என்று முன்வைத்த யோசனைதான் தொடக்கம். எவரையும் வெல்லும் எண்ணம் இருவருக்கும் இல்லை. ஓரளவு மரியாதை கிடைத்தால் போதும் என்றே நினைத்திருந்தார்கள்.

நடுவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பர்கண்டியின் புகழ்பெற்ற ரோமானே-கோன்ட்டி தோட்டத்தின் இணை உரிமையாளர் ஓபேர் த விலேன், பிரெஞ்சு ஒயின் இதழ் ஒன்றின் ஆசிரியர் ஒதெத் கான், பெயர்பெற்ற சமையற்கலைஞர் ரேமோன் ஒலிவேர் போன்றோர். ஒயினுலகின் சங்கப்பலகை என்று அந்த மேசையைச் சொல்லிவிடலாம். தகுதியற்றவருக்கு அங்கே இடம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி.

முதலில் வெள்ளை ஒயின், பிறகு சிவப்பு. ஒவ்வொன்றிலும் கலிஃபோர்னியாவுக்கு ஆறு, பிரான்ஸுக்கு நான்கு. பெயர்ச்சீட்டுகள் மறைக்கப்பட்டிருந்தன, இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட வேண்டும். செய்தியாளர் பலரை அழைத்திருந்தும் வந்தவர் ஒருவர்தான்: டைம் வார இதழின் ஜார்ஜ் டேபர். விளைவு முன்பே தெரிந்த போட்டிக்கு யார் வருவார்கள்? டேபரிடம் மட்டும் எந்த எண்ணில் எந்த ஒயின் என்ற பட்டியல் இருந்தது. ஆகவே அவர் கண்ட காட்சியை வேறெவரும் காணவில்லை. ஒலிவேர் ஒரு வெள்ளை ஒயினைச் சுவைத்துவிட்டு, பிரான்ஸுக்கே திரும்பி வந்துவிட்டோம் என்ற பொருளில் மகிழ்ச்சியோடு சொன்னார். டேபர் பட்டியலைப் பார்த்தார். அது நாபா பள்ளத்தாக்கின் ஒயின்!

வெள்ளையில் முதலிடம் 1973ஆம் ஆண்டின் ஷத்தோ மான்டெலீனாவுக்கு. குரோவேஷியாவில் பிறந்து நாபாவுக்குக் குடிபெயர்ந்த மைக் கர்கிச் வடித்த ஒயின் அது. சிவப்பு ஒயின்களைச் சுவைப்பதற்கு முன்பே ஸ்பரியர் இந்த முடிவை அறிவித்துவிட்டதால் நடுவர்கள் எச்சரிக்கையானார்கள். கலிஃபோர்னிய ஒயினை இனங்கண்டு ஒதுக்கிவிட வேண்டும் என்ற முனைப்பு சிலரிடம் தெரிந்தது என்கிறார்கள். அப்படியும் சிவப்பில் முதலாவதாக வந்தது 1973ஆம் ஆண்டின் ஸ்டாக்ஸ் லீப் காபர்நே. இரண்டாமிடம் 1970ஆம் ஆண்டின் ஷத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட். 127.5 புள்ளிகளுக்கு 126. ஒன்றரைப் புள்ளி வேறுபாடு!

ஸ்டாக்ஸ் லீப்பை உருவாக்கிய வாரன் வினியார்ஸ்கி சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அரசியல் தத்துவம் படித்த மனிதர், 1964இல் அதை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்கு வந்து பீப்பாய் கழுவுவதிலிருந்து தொழில் கற்றார். வென்ற ஒயினின் கொடிகள் 1970இல் நடப்பட்டவை. மூன்றாண்டுக் கொடியின் கனி, நூற்றாண்டுகளின் பெருமையை ஒன்றரைப் புள்ளியால் தாண்டியிருந்தது.

முடிவு அறிவிக்கப்பட்டதும் ஒதெத் கான் தமது மதிப்பெண் தாளைத் திருப்பித் தரும்படி கேட்டார். ஸ்பரியர் மறுத்துவிட்டார். பிரெஞ்சு இதழ்கள் வெகுநாள் மௌனம் காத்தன. பேசியபோது ஏளனமாகப் பேசின. டேபரின் சிறு செய்தி ஜூன் 7 இதழில் வெளிவந்தது. அதற்கு வைத்த தலைப்பில் ஒரு சிலேடை இருந்தது. கிரேக்கத் தொன்மத்தில் மூன்று தேவியரில் அழகி யார் என்று தீர்ப்புச் சொல்லிப் பொன் ஆப்பிளைக் கொடுத்த இளவரசனின் பெயரும் பாரிஸ். அந்தத் தீர்ப்பிலிருந்துதான் டிராய் நகரத்துப் போர் பிறந்தது.

*

தோற்றவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று மட்டும் அலட்சியப்படுத்த முடியாததாக இருந்தது. போர்தோ ஒயின் இளமையில் அருந்துவதற்காகச் செய்யப்படுவதன்று. அது முதிர வேண்டும். ஆறு வயதில் அதன் கதவுகள் மூடியிருக்கும். கலிஃபோர்னிய ஒயினோ வெயிலில் பழுத்த கனியால் உடனே கவரும், விரைவில் வாடும். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து வாருங்கள், அப்போது பார்ப்போம். இதுதான் வாதம். இலக்கிய வாசகர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது. இன்று கொண்டாடப்படும் நூல் நாளை நிற்குமா என்று நாமும்தானே கேட்கிறோம்?

இங்கே முதிர்தல் என்பது என்ன என்று சற்றுப் பார்க்க வேண்டும். காபர்நே சாவிஞான் சிறிய கனி, தடித்த தோல், சாற்றோடு ஒப்பிட அதிக விதை. துவர்ப்பைத் தரும் டானின்கள் தோலிலும் விதையிலும்தான் இருக்கின்றன. ஆகவே இளம் காபர்நே நாக்கைப் பிடித்து இழுக்கும், பாக்கு மென்றதைப் போல. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த டானின்களும் நிறமிகளும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகி, கரைந்திருக்க இயலாமல் வண்டலாகப் படிகின்றன. கருஞ்சிவப்பு செங்கல் நிறமாகிறது. துவர்ப்பு தணிகிறது. கனியின் மணம் பின்வாங்கி, தோல், புகையிலை, தேவதாரு, ஈர மண் என்று வேறு மணங்கள் முன்வருகின்றன. எல்லா ஒயினுக்கும் இது வாய்ப்பதில்லை. துவர்ப்பு தணிவதற்குள் கனி இறந்துவிட்டால், மிஞ்சுவது வெறும் கிழம்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். மூங்கிற் குழாயில் இட்டு நெடுநாள் விளையவைத்த கள்ளைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. யவனர் கொண்டுவந்த நறுமண மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த மதுவுக்கு அவர்கள் வழங்கிய சொல் தேறல். தெளிந்தது என்று பொருள். கலங்கியது படிந்து, மேலே நிற்கும் தெளிவு. பரீட்சையில் தேறினான் என்று நாம் சொல்வதும் இதே வேரிலிருந்துதான். ஒயினின் முதுமையை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

*

பிரெஞ்சுக்காரர்கள் கேட்ட காலம் வந்தது. 1978இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மறுசுவைப்பில் மீண்டும் ஸ்டாக்ஸ் லீப். 1986இல், பத்தாண்டு நிறைவையொட்டி நியூயார்க்கில் நடந்ததில் முதலிடம் பெற்றது க்ளோ து வால் என்ற இன்னொரு நாபா காபர்நே; முதல் போட்டியில் அது எட்டாவது. இருந்தாலும் பத்துப் பதினைந்து ஆண்டு போர்தோவுக்கு ஒரு வயதா என்று கேட்டார்கள்.

2006 மே 24. முப்பது ஆண்டுகள். ஸ்பரியர் மீண்டும் அதே பத்துச் சிவப்பு ஒயின்களைக் கூட்டினார். ஒரே நாளில் இரண்டு இடங்களில்: லண்டனில் ஒரு பழம்பெரும் ஒயின் வணிகரின் மாளிகையிலும் நாபா நகரிலும். லண்டனில் மைக்கேல் பிராட்பென்ட், ஹியூ ஜான்சன், ஜான்சிஸ் ராபின்சன் போன்ற மூத்த விமர்சகர்கள். முதல் தீர்ப்பில் இருந்த நடுவர்களில் மிஷேல் தொவாஸ் லண்டனிலும் கிறிஸ்தியான் வானெக் நாபாவிலும் அமர்ந்தார்கள். இம்முறை கலிஃபோர்னியா சரியும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள்.

முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்குச் சென்றன. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் முதலாவதாக வந்தது 1971ஆம் ஆண்டின் ரிட்ஜ் மோன்ட்டே பெல்லோ. 1976இல் ஐந்தாவதாக வந்து எவராலும் பேசப்படாமல் போன ஒயின். ஸ்டாக்ஸ் லீப் இரண்டாவது. மூத்தோன் ரோத்ஷில்ட் ஆறாவது.

மோன்ட்டே பெல்லோவின் வரலாறு எங்களுக்கு வெறும் செய்தியன்று. குப்பர்டினோ நகருக்கு மேற்கே, சாந்தா குரூஸ் மலைத்தொடரில் இருக்கிறது அந்தத் தோட்டம். சுண்ணாம்புப் பாறை நிலம், கடற்காற்றின் குளிர். 1959இல் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சில விஞ்ஞானிகள் அதை வாங்கினார்கள். வார நாட்களில் ஆய்வு, வார இறுதியில் ஒயின். 1969இல் சேர்ந்த பால் டிரேப்பர் தத்துவம் படித்தவர். ஒயின் கல்வி பெற்றவர் அல்லர். போர்தோவின் பழைய முறைகளை நூல்களில் படித்து, குறைவான குறுக்கீட்டோடு ஒயின் வடித்தார். கணிப்பொறித் தொழிலுக்காக இங்கு வந்து சேர்ந்த தமிழர்கள் அந்த மலையடிவாரத்தில் ஆயிரக்கணக்கில் வாழ்கிறோம். அலுவலகச் சன்னல் வழியே நாள்தோறும் அதைப் பார்க்கிறோம். அங்கே என்ன விளைகிறது என்பது எனக்குப் பதினோரு ஆண்டுகள் தெரியாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1976இல் ஒன்பது நடுவர்களின் மதிப்பெண்கள் ஒருவரோடொருவர் வெகுவாக முரண்பட்டன. ஒன்றரைப் புள்ளியை வைத்து ஒரு நாட்டைவிட இன்னொரு நாடு சிறந்தது என்று நிறுவ முடியாது. அந்தத் தீர்ப்பு நிறுவியது வேறொன்று. பெயர்ச்சீட்டை மறைத்ததும், அந்த மேசையிலிருந்த எவராலும் பிரான்ஸ் எது, கலிஃபோர்னியா எது என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

*

இனி எங்கள் விருந்து.

பழைய ஒயினை விருந்துக்கு வைப்பது, வயதான உறவினரை ஊருக்கு அழைத்துவருவதைப் போன்றது. இரண்டு நாள் முன்பே புட்டிகளை நிமிர்த்தி வைத்தோம், வண்டல் அடியில் இறங்க. தக்கைகள் உளுத்துப்போயிருக்கும் என்பதால் திருகாணிக்குப் பதில் இரு தகடுகள் கொண்ட கருவியால் மெல்ல எழுப்பினோம். புட்டிக் கழுத்தின் அடியில் விளக்கொளி வைத்து, வண்டல் தெரியத் தொடங்கும் வரை கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கழுவிய புட்டியில் திரும்ப நிரப்பினோம். இதையெல்லாம் மனைவியின் மேற்பார்வையில் அவருடைய தம்பி செய்தார். ஆளுக்கு ஐம்பது மில்லி. வண்டி ஓட்டுபவர்கள் துப்புவதற்கு ஒரு கலம். மிளகாய் துவர்ப்பைக் கூட்டிக் காட்டும் என்பதால், மிளகு மட்டும் சேர்த்து வாட்டிய ஆட்டுக்கறியும், சைவர்களுக்கு நெய்யில் வதக்கிய காளானும்.

நான்காம் எண்ணைச் சுவைத்ததும் நான் பேசத் தொடங்கினேன். இந்த அடக்கம், இந்த மண்வாசம், இது போர்தோ, ஐயமே இல்லை என்று ஐந்து நிமிடம் பேசினேன். நால்வர் என்னோடு உடன்பட்டார்கள். பை நீக்கப்பட்டபோது உள்ளே இருந்தது 1995ஆம் ஆண்டின் மோன்ட்டே பெல்லோ. ஒலிவேரைப் பற்றி அன்று மாலைதான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தேன்.

ஆனால் அந்த மாலையில் என் மனத்தில் தங்கியது ஆறாம் எண். அதை யாராலும் ஒரு மிடறுக்கு மேல் அருந்த முடியவில்லை. வேகவைத்த கத்திரிக்காயும் காடியும் கலந்த ஒரு வாடை. ஒருவர் கேலியாக ஏதோ சொல்ல, நாங்களும் சிரித்தோம். பை நீங்கியது. எங்களில் மூத்தவர் கொண்டுவந்த புட்டி அது. அமெரிக்காவுக்கு வந்த ஆண்டில், முதல் சம்பளத்தில் வாங்கியது. வீடு மாறிய போதெல்லாம் கார் நிறுத்தும் அறையின் அலமாரியில், கோடைக்குக் கோடை வெந்துகொண்டிருந்திருக்கிறது. பதின்மூன்று பாகை குளிரில், அசையாமல், இருளில் கிடந்திருந்தால் தேறியிருக்கும்.

"இருபத்தேழு வருஷமா, இன்னும் நல்ல நாள் வரட்டும்னு வச்சிருந்தேன்" என்றார். எவரும் பேசவில்லை. பிறகு அவரே, "சரி, அந்த நாலாம் நம்பர்ல மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. வண்டலுக்குச் சற்று மேலே, ஒரு கோப்பை அளவு. அதை அவருக்கே ஊற்றினோம்.