கிளிநொச்சி – ரொறன்ரோ: வான்வழித் தூரமும் பயண நேரமும்

இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பிலுள்ள கிளிநொச்சிக்கும் கனடாவின் ரொறன்ரோவுக்கும் இடையிலான நேர்வான் தூரம் ஏறத்தாழ 13,800 கிலோமீற்றர். இது பூமியின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். 1983 யூலைக் கலவரத்துக்குப் பின் கனடா சென்ற ஈழத்தமிழரில் பெரும்பகுதியினர் ரொறன்ரோவிலும் அதன் ஸ்காபரோ பகுதியிலும் குடியேறியதால், வன்னிக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது உறவுகளைப் பிரிக்கும் தூரமும் ஆயிற்று.

குறுகிய பாதை

உருண்டையான பூமியில் இரு இடங்களுக்கு இடைப்பட்ட மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதை எனப்படும். கிளிநொச்சியிலிருந்து இப்பாதை வட-வடமேற்காகப் புறப்பட்டு இந்தியா, மத்திய ஆசியா, ரஷ்யா ஆகியவற்றைக் கடந்து, ஆர்க்டிக் பகுதியில் ஏறத்தாழ 73 பாகை வட அகலாங்குவரை ஏறி, கிறீன்லாந்து வழியாகக் கனடாவில் இறங்கும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் இடைநிறுத்தமின்றிப் பறந்தால் 15 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்.

நடைமுறைப் பயணம்

வன்னிப் பயணி வடக்கே பறப்பதற்கு முன் தெற்கே போகவேண்டும். பெரும்பாலும் வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வழியனுப்பும் உறவினரோடு ஏ9 வீதியில் புறப்பட்டு, வவுனியா, அனுராதபுரம், புத்தளம் வழியாகக் கட்டுநாயக்க விமான நிலையத்தை அடைவர். ஏறக்குறைய 300 கிலோமீற்றர் கொண்ட இவ்வழிக்கு ஆறேழு மணித்தியாலம் பிடிக்கும்.

டுபாய் வழியாகச் சென்றால் வான்தூரம் இரு கட்டமாகப் பிரியும்:

- கட்டுநாயக்க – டுபாய்: ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர், நான்கரை முதல் ஐந்து மணித்தியாலம்.
- டுபாய் – ரொறன்ரோ: ஏறத்தாழ 11,100 கிலோமீற்றர், சுமார் 14 மணித்தியாலம்.

முன்கூட்டியே விமான நிலையம் சேர்வதையும் இடைத்தங்கலையும் சேர்த்தால், வீட்டுப் படலையிலிருந்து ரொறன்ரோவரை 30 மணித்தியாலம் அளவில் ஆகும். உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னிருந்து தள்ளுவதால், திரும்பும் பறப்பு பொதுவாக ஒரு மணித்தியாலமளவு குறையும்.

நேர வேறுபாடு

ரொறன்ரோ, இலங்கை நேரத்தைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் பின்தங்கியிருக்கும். கிளிநொச்சியில் நண்பகல் 12 மணியாகும்போது அங்கே கோடையில் அதிகாலை 2.30.

வடக்கின் விமான நிலையங்கள்

வன்னியில் பயணிகள் விமான நிலையம் இல்லை. விடுதலைப் புலிகள் அமைத்த இரணைமடு ஓடுபாதை 2009 சனவரியில் இராணுவத்திடம் வீழ்ந்தது. வவுனியாவில் இருப்பது விமானப்படைத் தளம். கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றரில் உள்ள பலாலி, 2019 ஒக்ரோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் தடைப்பட்ட சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. ஆனால் அச்சேவையில் பறப்பவை சிறிய ஏ.டி.ஆர். வகை விமானங்களே. பலாலியின் ஓடுபாதை நீண்டு, வளைகுடா நகரங்களுக்கு அங்கிருந்தே பறக்க முடிந்தால், முதியோரும் கைக்குழந்தைக்காரரும் படும் நெடும் வீதிப்பயணம் இரண்டு மணித்தியாலமளவுக்குச் சுருங்கும்.