இருபது லட்சம் பேரும் மஞ்சள் சட்டையும்

இந்த முறை சைக்கிள் பந்தயம் பற்றி ஒரு சிறு வரலாற்றுக் கட்டுரை. தேங்காப்பட்டணத்திலிருந்து புதுக்கடைக்கு எதிர்காற்றில் சைக்கிள் சவுட்டி வந்தவர்களுக்காவது இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சைக்கிள் பந்தய ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. எந்த நாடு பெரியது? டூர் டி பிரான்ஸ் ஆண்கள் பட்டியலை எடுத்தால் பிரான்ஸ் 36 முறை, பெல்ஜியம் 18 முறை. கணக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் பிரான்சுக்குக் கடைசி வெற்றி வந்தது 1985-ல், பெர்னார் ஹினோவால். பெல்ஜியத்துக்கு 1976-ல். (பெண்கள் பந்தயத்தில் 2025-ல் போலின் ஃபெரான்-பிரெவோ வென்று பிரெஞ்சுக்காரர்களின் மானத்தைக் காப்பாற்றினார்.) பழைய நகையை எண்ணிப் பணக்காரன் என்று சொல்லலாமா என்பது எதிர்க்கட்சியின் கேள்வி.

உண்மையில் இது நாடுகளின் பந்தயமாகத் தொடங்கவே இல்லை. 1903-ல் 'லோட்டோ' என்ற பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டத் தொடங்கியது. அறுபது பேர் புறப்பட்டு 21 பேர்தான் முடித்தார்கள். பிறகு சைக்கிள் கம்பெனிகளின் கை ஓங்கியது. 1929-ல் உடம்பு சரியில்லாத பெல்ஜிய வீரர் தெ வாலேவைக் கம்பெனி அணி சுற்றி நின்று காத்து ஜெயிக்க வைத்தது. கொதித்துப் போன அமைப்பாளர் ஆன்றி தெக்ரான்ஜ் 1930-ல் கம்பெனி அணிகளை ஒழித்து, நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் மஞ்சள் நிறச் சைக்கிள். விளைவு? 1930 முதல் 1934 வரை ஐந்து வருடமும் பிரான்ஸ்! 1962-ல் கம்பெனிகள் திரும்பி வந்தன. 1967, 68 தவிர இன்றுவரை அதுதான் முறை. இன்று ஸ்லோவேனியாவின் பொகச்சார் ஓட்டுவது எமிரேட்ஸ் அணிக்கு. ராஞ்சிக்காரர் தோனி கோப்பையைத் தூக்கியபோது நாம் 'சென்னை ஜெயித்தது' என்றோம் அல்லவா, அதே சிக்கல்தான்.

ஆனாலும் ரசிகனுக்கு நாடு வேண்டும். 1939-க்குப் பிறகு முப்பது வருடம் காத்திருந்த பெல்ஜியத்துக்கு, 1969 ஜூலை 20-ல் எடி மெர்க்ஸ் மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்தார். மனிதன் நிலவில் இறங்கிய அதே நாள். வித்தியாசம் கிட்டத்தட்ட 18 நிமிடம். அந்த மெர்க்ஸுக்கும் ஒரு மொழிச் சண்டை இருந்தது. 1967-ல் அவர் திருமணச் சடங்கு பிரெஞ்சில் நடந்ததற்காக, டச்சு பேசும் பிளெமிஷ் மக்களில் பலர் முகம் சுளித்தார்கள். இரண்டு மொழி உரசும் எல்லையில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2011 கணக்குப்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18.7 லட்சம். ஸ்லோவேனியா நாடு முழுவதுமே சுமார் 21 லட்சம்தான். 1991-ல் பிறந்த அந்த நாடு 2020 டூரில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது. கடைசிக்கு முந்தைய நாள் 57 நொடி பின்தங்கியிருந்த பொகச்சார், மலையுச்சியில் முடியும் தனிநபர் நேரப் பந்தயத்தில் சகநாட்டவர் ரோக்ளிச்சைத் தாண்டிவிட்டார். அப்போது அவருக்கு 22 வயதுகூட நிறையவில்லை. 2025-க்குள் நான்கு டூர் வெற்றிகள். ரோக்ளிச்சோ முதலில் பனிச்சறுக்குத் தாண்டும் வீரர்!

என்னைக் கேட்டால் தலைக்கு எத்தனை வெற்றி என்று பார்ப்பதே சரி. 'இரண்டு பேரை வைத்து நாட்டைப் பெரியது என்பதா, அவர்கள் ஓய்ந்தால்?' என்று பெல்ஜியக் கட்சி கேட்கும். கேள்வியில் நியாயம் உண்டு. மெர்க்ஸ் ஓய்வு பெற்று நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம் இரண்டையும் பெல்ஜியத்தின் எவனபோல் வென்றார். அந்த ஆழம் ஸ்லோவேனியாவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் பொகச்சாரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. சிறுவனாகவே லுப்லியானாவில் ரோக் என்ற கிளப்பில் சேர்ந்து ஓட்டியவர்.

சரி, நாம்? லூதியானாவின் ஹீரோ நிறுவனம் 1986-ல் உலகிலேயே அதிகம் சைக்கிள் செய்வதாகக் கின்னஸில் ஏறியது. அம்பத்தூரில் பல வருடங்களாகவே சைக்கிள் ஆலை. ஒலிம்பிக் சைக்கிளில் இந்தியா கலந்துகொண்டது 1948, 1952, 1964 ஆகிய மூன்று முறைதான், பதக்கம் இல்லை. டூரில் ஒரு இந்தியர்கூட ஓட்டியதில்லை. 2018-ல் நிக்கோபாரைச் சேர்ந்த ஏசோ ஆல்பன் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். அடுத்த வருடம் ரொனால்டோ சிங், ரோஜித் சிங்குடன் சேர்ந்து தங்கம். ஆனால் அது சாலையில் அல்ல, ஓடுதளத்தில். 2004-ல் நம் கொளச்சல் கரையை அடித்த அதே சுனாமி சூறையாடிய தீவிலிருந்து வந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

எங்கள் பள்ளி விளையாட்டு விழாவிலும் ஒரு சைக்கிள் போட்டி உண்டு. ஸ்லோ சைக்கிள் ரேஸ். கடைசியில் வருபவனுக்குத்தான் பரிசு.