வில் தீக்கடைகோல்

வில் தீக்கடைகோல் என்பது நாண் சுற்றிய கோலை வில்லால் முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றி, மரத்தோடு மரத்தை உரசித் தீயுண்டாக்கும் கருவி. உள்ளங்கைகளால் கடைவதைவிட இதில் வேகமும் அழுத்தமும் சீராகக் கிடைக்கும். 1922இல் கண்டறியப்பட்ட எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில், வரிசையாகக் குழிகள் கொண்ட அடிக்கட்டையுடன் இத்தகைய கருவி ஒன்று கிடைத்தது. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் கோலின் மேல்முனையைத் தாங்கும் கட்டையைப் பல்லால் கவ்விக்கொள்வது வழக்கமாக இருந்தது. அதனால் ஒரு கை மிச்சம்.

கோலும் அடிக்கட்டையும் நகத்தால் அழுத்தினால் தடம் பதியுமளவு மென்மையான, நன்கு உலர்ந்த மரமாக இருப்பது நல்லது. ஈர மரத்தோடு மல்லுக்கட்டுவது வீண். குழியின் விளிம்பில் ஆப்பு வடிவில் வெட்டும் பிளவுதான் இதில் உயிர்நாடி: தேய்ந்து உதிரும் தூள் அங்கே குவிந்து, சூடேறி, காற்றுப்பட்டுக் கனலாகிறது. பழகுவோர் தூளின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். வெளிர்பழுப்பாக இருந்தால் அழுத்தமோ வேகமோ போதவில்லை. கருகியிருந்தால் கனல் நெருங்கிவிட்டது. குழி பளபளத்துக் கிறீச்சிட்டால் சிறிது மணல் தூவலாம். கோலை எடுத்த பின்பும் தூள் புகைந்தால் கனல் பிடித்துவிட்டதாகப் பொருள். அதை உலர்ந்த நார்ப்பொதியில் இட்டு மெல்ல ஊதினால் தீப்பற்றும். வேகமாக ஊதினால் கனல் சிதறிவிடும்.