அறை வாடகையும் அறுவைக் கட்டணமும்: மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தில் விடுபட்ட பாதி

ஐந்து லட்சம் ரூபாய்க்குப் பாலிசி வைத்திருப்பவர் மூன்று லட்ச ரூபாய் பில்லில் ஒரு லட்சத்தை ஏன் கைக்காசிலிருந்து கட்ட நேர்கிறது? டிஸ்சார்ஜ் நாளில் பில் கவுன்டர் முன் நிற்கும் குடும்பங்கள் காப்பீட்டு நிறுவனத்தைத்தான் நொந்துகொள்கின்றன. ஆனால் கோளாறின் வேர் மருத்துவமனையின் கட்டண முறையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணக்கைப் பார்ப்போம். பல பாலிசிகளில் அறை வாடகைக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய் என வரம்பு உண்டு. நோயாளி 10,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறார். வாடகை 40,000, அறுவை நிபுணர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்கள் 1,60,000, மருந்தும் பரிசோதனையும் ஒரு லட்சம். வாடகை வித்தியாசமான 20,000 மட்டும் தம் பொறுப்பு என்று அவர் நினைத்திருப்பார். ‘விகிதாசாரக் கழிவு’ விதியோ மருத்துவர் கட்டணம் முதலியவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுகிறது. இன்னும் 80,000 அவர் தலையில் விழுகிறது.

இந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. அறை உயர்ந்தால் அதே அறுவைக்கான கட்டணத்தையும் மருத்துவமனை உயர்த்துகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் மருந்து, உள்வைப்புக் கருவி, பரிசோதனை, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றைக் கழிவிலிருந்து விலக்கியது. அறைக்கேற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளில் கழிவே கூடாது என்றும் சொன்னது. நோய் எங்கே என்பதற்கு அந்த விலக்கே சான்று.

பின்வந்த சீர்திருத்தங்களும் காப்பீட்டுப் பக்கமே நின்றன. 2024இல், கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும் டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பின் உச்சவரம்பு நான்கிலிருந்து மூன்றாண்டாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியது. மூன்றும் நல்லவை, பில்லின் விலையை மூன்றும் தொடவில்லை.

விலையைத் தொடவே முடியாதா? 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய இதய ஸ்டென்ட்டின் விலைக்கு ஏறத்தாழ 30,000 ரூபாய் உச்சவரம்பு வந்தது. அதற்குமுன் அது லட்சத்தைத் தாண்டி விற்றது. மறு ஆண்டு தில்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளை ஆராய்ந்த தேசிய மருந்து விலை ஆணையம், சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை சென்றதாகக் கண்டது. சிகிச்சைக் கட்டண வரம்பை நிர்ணயிக்க வேண்டும் என்ற 2012ஆம் ஆண்டு மத்திய விதி நடைமுறைக்கு வராததை உச்ச நீதிமன்றம் 2024இல் கண்டித்தது.

உயர் அறை நோயாளிகள் தரும் கூடுதல் பணமே பொது வார்டைத் தாங்குகிறது என்று மருத்துவமனைகள் வாதிடலாம். அப்படியானால் வசதிக்கான விலை வாடகையிலேயே அடங்கட்டும். கத்தி பிடிக்கும் அதே கைக்கு, அதே ஒரு மணி நேரத்துக்கு இரண்டு கூலி எதற்கு? தமிழக முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு இவ்வளவு என்ற தொகுப்புக் கட்டணத்தில் தனியார் மருத்துவமனைகள் அறுவை செய்கின்றன. அந்தத் தொகை போதவில்லை என்றால், கூட்டித் தருவதைப் பேசலாம், முறை செல்லுபடியாகிறது.

மருத்துவமனைகளை நேரடியாக ஆளும் அதிகாரம் காப்பீட்டு ஆணையத்துக்கு இல்லை. ஆனால் கேஷ்லெஸ் ஒப்பந்தம் காப்பீட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. எந்த அறையானாலும் அறுவைக்கு ஒரே கட்டணம் என்பதை அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனையாக ஆணையம் வற்புறுத்தினால், 2020இல் அது எழுதிய விலக்கு எல்லா நோயாளிகளுக்கும் பொதுவிதியாகும்.