மடிக்கணினியின் சேமிப்பகத்தை நாமே மாற்றலாமா? உத்தரவாதம் என்னவாகும்?

பிள்ளைகளின் பள்ளிப் பாடம், பல்கலைக்கழக வேலை, குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே மடிக்கணினியில் சேரும்போது 256 ஜிபி விரைவில் நிரம்பிவிடுகிறது. புதிய கணினி வாங்குவதைவிட, எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்பகத்தை மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால், மூடியைக் கழற்றினாலே உத்தரவாதம் போய்விடும் என்று பலர் அஞ்சுகின்றனர்.

எல்லா நிறுவனங்களும் அப்படிச் சொல்வதில்லை. டெல், லெனோவோ போன்றவை பாகங்களைக் கழற்றி மாற்றும் முறையை விளக்கும் கையேடுகளைத் தங்கள் இணையத்தளங்களில் வெளியிடுகின்றன. ஆயினும், மாற்றும்போது நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது. புதிய எஸ்எஸ்டிக்கு அதைத் தயாரித்த நிறுவனத்தின் உத்தரவாதமே பொருந்தும். அதன் ரசீதைத் தனியே பத்திரப்படுத்த வேண்டும்.

வாங்குவதற்கு முன்

கணினியின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு கையேட்டையும் உத்தரவாத நிபந்தனைகளையும் படிக்கவும். எம்.2 வகையில் 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அளவு பொருந்தினாலும் சாட்டா, என்விஎம்இ என இரு வகைகள் உண்டு. எது ஏற்கும் என்பதை உறுதி செய்யவும். அண்மைய மேக்புக் கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் வீட்டில் மாற்ற இயலாது.

மாற்றும்போது

• கோப்புகளை வெளிப்புற வட்டில் நகலெடுக்கவும். விண்டோஸ் கணினியில் பிட்லாக்கர் மீட்புக் குறியீட்டையும் எழுதி வைக்கவும்.

• கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றவும். மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கவும்.

• நிலைமின்சாரம் நீங்க, உலோகப் பொருள் ஒன்றைத் தொட்ட பிறகே பாகங்களைக் கையாளவும்.

• எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்தித் திருகவும். வலுக்கட்டாயம் வேண்டாம்.

• ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைத்தால், பின்னர் தகராறு வந்தால் உதவும்.

பழைய எஸ்எஸ்டியை விற்றுவிடக் கூடாது. பழுதுக்கு அனுப்ப நேர்ந்தால், அதையே திரும்பப் பொருத்தி அனுப்பலாம். பிள்ளைகளின் கோப்புகளும் வீட்டிலேயே இருக்கும்.

விசைப்பலகை போன்ற தொடர்பில்லாத பழுதுக்கும் உத்தரவாதம் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்து மூலம் கேட்க வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கு 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.