தாய்ப்பற்றுக் கோட்பாடும் மருத்துவமனை அமைதியும்

குழந்தை தாயை நாடுவது ஏன் என்னும் வினாவிற்கு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைநாட்டு உளநூலாருட் பெரும்பாலோர் கூறிய விடை ஒன்றே. பசியைத் தீர்ப்பவள் தாய். ஆதலின் அவள்மீது அன்பு தோன்றுகிறது என்றனர். பிராய்டின் வழிவந்தோரும் நடத்தைக் கொள்கையினரும் பிறவற்றில் மாறுபடினும் இதனில் ஏறக்குறைய ஒன்றுபட்டனர். இக்கருத்து மாறிய வரலாற்றில் மருத்துவமனைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அந்நாளில் இங்கிலாந்து மருத்துவமனைகள் பலவற்றில் நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் காண்பதற்குக் கடுங்கட்டுப்பாடு இருந்தது. தாய் வந்து சென்றால் குழந்தை அழும். வாராதிருப்பின் அமைதியுறும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தில் ஜான் பௌல்பியுடன் 1948 முதல் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் இவ்வமைதியை ஐயுற்றார். பிரிவுற்ற குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி மூன்று நிலைகளை வகுத்தார். குழந்தை முதற்கண் அழுது எதிர்க்கும். பின்னர் நம்பிக்கையிழந்து சோரும். இறுதியில் தாயே வரினும் முகந்திருப்பும். மருத்துவமனையார் ‘தேறிவிட்டது’ எனக் கொண்டது பிந்திய நிலைகளின் அடக்கத்தையே. எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி அவர் எடுத்த படம் 1952-இல் வெளிவந்தபோது மருத்துவர் பலர் சினந்தனர்.

பௌல்பி, தாயன்பு இழந்த குழந்தைகளின் நிலைபற்றி உலக சுகாதார நிறுவனத்திற்கு எழுதிய அறிக்கை 1951-இல் வெளிவந்தது. எனினும், பிரிவு இத்துணைத் துயர் விளைப்பது ஏன் என்பதை விளக்கும் கோட்பாடு அதில் இல்லை. அதனை 1958-இல் எழுதிய கட்டுரையில் அவர் தொடங்கினார். சுவைத்துண்ணல், பற்றிக்கொள்ளல், பின்தொடர்தல், அழுதல், முறுவலித்தல் ஆகிய ஐந்தும் இயல்பூக்கத்தால் எழுந்து சேயைத் தாயொடு பிணிக்கின்றன என்பது அவர் கொள்கை. தமிழில் ‘பற்று’ என்னும் சொல் கையாற் பிடித்தலையும் உள்ளத்து அன்பையும் ஒருங்கே உணர்த்துதலின், அதனையே இக்கோட்பாட்டிற்குப் பெயராகக் கொண்டோம். அவ்வாண்டே ஹாரி ஹார்லோ, தாயினின்று பிரிக்கப்பட்ட குரங்குக்குட்டிகள் பாலூட்டும் கம்பிப் பொம்மையை விடுத்துத் துணிப் பொம்மையையே பெரிதும் தழுவியிருந்தமையைக் காட்டினார். உணவே அன்பின் வேர் என்னும் கருத்து இதனால் தளர்ந்தது.

முன்னர் டாவிஸ்டாக் நிலையத்தில் பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த், 1954-இல் உகாண்டா சென்று கம்பாலாவை அடுத்த சிற்றூர்களில் தாய்சேய் ஒழுகலாற்றை வீடுதோறும் ஆராய்ந்தார். குழந்தை தாயை நிலைக்களமாகக் கொண்டு அகன்று சென்று, அஞ்சியவிடத்து அவளிடம் மீளுதலை விளக்கினார். பற்று குழந்தையைக் கட்டிவைப்பதன்று, உலகை அறியத் துணிவு தருவது என்பது இதனாற் புலனாயிற்று.

இக்கோட்பாடு மறுப்பின்றி ஏற்கப்பட்டதன்று. தாயின் பிரிவு ஒன்றையே எல்லாக் கேட்டிற்கும் காரணமாக்கலாகாது என்றும், குழந்தை பிறரிடத்தும் பற்றுக்கொள்ளும் என்றும் மைக்கேல் ரட்டர் 1972-இல் நிறுவினார். அம்மறுப்பு பொருத்தமுடையதே. ஆயினும் ராபர்ட்சன் கண்ட துயர் அதனாற் பொய்யாகிவிடாது. 1959-இல் வெளிவந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றிக் குழந்தையைக் காணவும், இளங்குழந்தையுடன் தாய் தங்கவும் இடமளிக்குமாறு பரிந்துரைத்தது. மாற்றம் விரைந்து வாராமை கண்டு, 1961-இல் தாய்மார் சிலர் இதற்கெனவே சங்கம் அமைத்து முயன்றனர். அழாத குழந்தை துயரற்ற குழந்தை அன்று என்னும் தெளிவே அக்கதவுகளைத் திறந்தது என்பது இதுகாறுங் கூறியவாற்றாற் பெறப்படும்.