வெள்ளாற்று முகத்தில் ஒரு வகுப்பறை

எங்க ஊர் திருவதிகை. ஊரைத் தொட்டு ஓடுற கெடிலம் கடலூர்ல கடலைச் சேருது. அதுக்குத் தெற்கே, பரங்கிப்பேட்டையில வெள்ளாறு கடலைத் தொடுது. அந்த முகத்துவாரத்தில் நடந்த ஒரு கல்வி முயற்சி பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இந்தப் பகுதிக்கு உயர்கல்வி புதுசு இல்லை. பழைய தென்னார்க்காட்டுல இருக்கிற எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்திலேயே 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி இருந்ததாகக் கல்வெட்டு சொல்லுது. இளையவருக்கு இவ்வளவு நெல், மூத்தவருக்கு இவ்வளவு நெல் என்று தினப்படி கூட அதில் இருக்கு. படித்தது வேதம், இலக்கணம், மீமாம்சை. கேட்டு, மனப்பாடம் செய்து, வாதிட்டுக் கற்ற கல்வி அது.

1920-இல் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி தொடங்கினார். 1929-இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதன் விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி. சேஷையா, கடல் உயிரியலைச் சிதம்பரத்து வகுப்பறையில் மட்டும் சொல்லித் தந்தால் போதாது என்று நினைத்தார். அவர் முயற்சியில் 1960-களின் தொடக்கத்தில் பரங்கிப்பேட்டையில் ஆய்வு நிலையம் உருவானது. பின்னாளில் அதுவே கடல்வாழ் உயிரின உயராய்வு மையம்.

அந்த இடத்தோட சிறப்பு என்ன தெரியுமா? கரையோரக் கடல், வெள்ளாற்றுக் கழிமுகம், கிள்ளை உப்பங்கழி, பிச்சாவரம் சதுப்புநிலக் காடு, நாலும் பக்கத்துப் பக்கத்துல. ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் தண்ணீரோட உப்பு மாறும். அதுல வாழும் உயிர்களும் மாறும். மாணவன் படகில் போய்த் தண்ணீரை எடுத்து, உப்பை அளந்து, மிதவை உயிரிகளை வலையில் பிடித்து, நுண்ணோக்கியில் எண்ணணும். ஒரு தடவை போனா போதாது, பருவம் மாற மாறப் போகணும். பாடப்புத்தகத்துல இருக்கிற சராசரி, ஐப்பசி வெள்ளத்துல பொய்யாகிறதை அவனே பார்ப்பான்.

இப்படி ஒரே இடத்தை விடாமப் பார்த்ததுக்குப் பலனும் இருந்தது. பிச்சாவரத்தில் இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து உருவான கலப்பினம் ஒன்றை இந்த மையத்தின் பேராசிரியர் க. கதிரேசன் விவரித்தார். அதன் அறிவியல் பெயரிலேயே 'அண்ணாமலயானா' என்று பல்கலைக்கழகம் நிற்குது.

அப்புறம் 2004 டிசம்பர் 26 வந்தது. சுனாமிக்குப் பிறகு கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையில் 18 குப்பங்களின் இழப்பைக் கணக்கெடுத்து, காடு இருந்த இடத்தில் உயிர்ச்சேதம் குறைவு என்று 2005-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே கெர், பெயர்ட், கேம்ப்பெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதே எண்களை மறுபடி கணக்கிட்டு, ஊரின் உயரமும் கடலிலிருந்து இருக்கும் தூரமுமே பெரும்பாலான வித்தியாசத்தை விளக்கிவிடும் என்று மறுத்தார்கள். காடு நம்மைக் காக்கும் என்று நம்பி மேட்டு நிலம் தேடாமல் இருந்தால், அடுத்த அலையில் போவது உயிர். அதனால் இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது யார் ஜெயித்தார் என்பதல்ல. எண்கள் வெளியே இருந்ததால்தான் மறுக்கவே முடிந்தது. தானே போய் அளக்கிறது செய்முறைத் திறன். அளந்ததைப் பிறர் சோதிக்கத் தருவது கல்வித் திறன். இரண்டும் சேர்ந்தால்தான் அது பல்கலைக்கழகப் படிப்பு.

இன்னைக்குக் கல்லூரிகளில் 'புராஜெக்ட்' என்றால் பாதிப் பேருக்குக் கடையில் பைண்டிங் செய்த ஒரு கட்டு. அதில் இருக்கும் எண் ஒன்றையாவது மாணவன் தன் கையால் அளந்தானா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். திட்டம் உண்மையா, காகிதமா என்று தெரிந்துவிடும்.